வாசகர் கேள்வி பதில்: இரண்டாம் ஆண்டுச் சீனம்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் சீன மொழி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதல் ஆண்டு முழுக்க நல்ல மதிப்பெண். இப்போது பாடத்துக்குப் பாடம் நாற்பது ஐம்பது புதுச் சொற்கள் வருகின்றன. இந்த வாரம் மனப்பாடம் செய்தது அடுத்த வாரம் நினைவில் இல்லை. என்ன வழி?

பதில்: உங்கள் நினைவாற்றலில் குறை இல்லை, பாரம்தான் கூடியிருக்கிறது. சீன மொழித் திறனைச் சோதிக்கும் எச்.எஸ்.கே. தேர்வின் பழைய ஆறு படிகளில் மூன்றாம் படிக்கு 600 சொற்கள், நான்காம் படிக்கு 1200, ஐந்தாம் படிக்கு 2500. படிக்குப் படி இரட்டிப்பு. (2021இல் வெளியான ஒன்பது படித் தரநிலையில் நான்காம் படிக்கே 3245 சொற்கள். யாராவது ‘நாலாம் படி முடித்துவிட்டேன்’ என்றால் எந்தத் தரநிலை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.)

சொல், எதிரே பொருள் என்று பட்டியல் போட்டுப் படிப்பது முதல் ஆண்டோடு சரி. இனி ஏறக்குறைய ஒரே பொருளில் மூன்று நான்கு சொற்கள் வரும். எது எதோடு சேரும் என்பதில்தான் வேறுபாடு. ‘திகாவ்’, ‘ட்ஸெங்ஜியா’ இரண்டுமே கூட்டுவதைக் குறிப்பவை. ஆனால் தரத்தை உயர்த்துவதற்கு ‘திகாவ்’, ஆட்களின் எண்ணிக்கை கூடுவதற்கு ‘ட்ஸெங்ஜியா’. அதனால் சொல்லட்டையில் தனிச்சொல்லை எழுதாதீர்கள். ‘திகாவ் ஷுய்பிங்’ (தரத்தை உயர்த்து) என்று இணையாக எழுதுங்கள். முன்பக்கம் தமிழ், பின்பக்கம் சீனம். சீனத்தைப் பார்த்துப் பொருள் சொல்வது எளிது, ஆனால் பேசும்போது அந்தப் பயிற்சி கைகொடுக்காது.

ஒரு நாளைக்குப் புது அட்டை 10 முதல் 15 வரை போதும். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் என்று திரும்பப் பாருங்கள். ஆசைப்பட்டு 30 ஏற்றினால், சில வாரங்களில் மறுபார்வை மட்டுமே நூற்றுக்கணக்கில் சேர்ந்து, மொத்தப் பழக்கமும் நின்றுபோகும்.

கேள்வி: ‘பா’ வாக்கியத்தை ஆசிரியர் மூன்று முறை விளக்கிவிட்டார். விதி புரிகிறது, எழுதினால் தப்பாகிறது.

பதில்: ஆங்கில வழியாகப் படிப்பதால் வரும் சிக்கல் இது. ‘பா’ செய்யும் வேலைக்கு ஆங்கிலத்தில் நேரான உறுப்பு இல்லை. தமிழில் இருக்கிறது: இரண்டாம் வேற்றுமை ‘ஐ’. ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை மேசைமேல் வைத்தேன்’ என்றால் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் தெரிந்த புத்தகம். ‘பா’வும் அப்படித் தெரிந்த பொருளைத்தான் வினைக்கு முன்னே கொண்டுவரும். ‘வோ பா ஷூ ஃபாங் ட்ஸாய் ஜுவோட்ஸ ஷாங்’ என்பதைச் சொல் சொல்லாகப் பிரித்தால் நான், ‘பா’, புத்தகம், வை, இடம் காட்டும் சொல், மேசை, மேல். உருபு தமிழில் பெயருக்குப் பின்னால், சீனத்தில் முன்னால்.

இதை மட்டும் நம்பி எழுதினாலும் மூன்று இடங்களில் சறுக்கும்.

முதலாவது, வினை தனியாக நிற்காது. ‘வோ பா ஷூ கான்’ என்று நிறுத்தினால் தப்பு. அந்தப் பொருளுக்கு என்ன ஆயிற்று என்பதும் வேண்டும்: ‘வோ பா ஷூ கான் வான் ல’. தமிழில் ‘படித்து முடித்துவிட்டேன்’ என்கிறோமே, அந்த ‘முடி’தான் ‘வான்’. தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டாவது, எதிர்மறை. தமிழில் ‘இல்லை’ கடைசியில் வருவதால் நம்மவர்கள் ‘இல்லை’ என்று பொருள்படும் ‘மேய்’யை வினையை ஒட்டி வைத்துவிடுகிறார்கள். அது ‘பா’வுக்கு முன்னால் வர வேண்டும்: ‘வோ மேய் பா ஷூ கான் வான்’. ‘மேய்’ வந்ததும், வினை முடிந்ததைக் காட்டும் ‘ல’ போய்விட்டதையும் கவனியுங்கள்.

மூன்றாவது, தெரிதல், விரும்புதல் போன்ற வினைகள். ‘அவரைத் தெரியும்’ என்பதில் ‘ஐ’ உண்டு, சீனத்தில் ‘பா’ வராது. தெரிந்துகொண்டதால் அவருக்கு எதுவும் ஆகிவிடவில்லை அல்லவா?

கேள்வி: வாசிப்புப் பாடத்தில் வாக்கியம் இரண்டு வரி நீள்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ‘த’வைத் தேடி அடிக்கோடிடுங்கள். பல இடங்களில் அது நம் பெயரெச்சத்தின் வேலையைச் செய்கிறது. ‘வோ ட்ஸுவோதியென் மாய் த ஷூ’ என்பது ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’. வரிசைகூட மாறவில்லை. ஆங்கிலத்தில் பெயர்த்துப் பார்ப்பவர்கள்தான் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டியிருக்கிறது. நேரடியாகத் தமிழில் வாசித்துப் பழகுங்கள்.

ஓரிடத்தில் தமிழ் உதவாது: கால அளவு. எப்போது என்பது வினைக்கு முன்னால், எவ்வளவு நேரம் என்பது பின்னால். ‘இரண்டு வருஷம் படித்தேன்’ என்பது ‘வோ ஷுவே ல லியாங் நியென்’. ஆனால் ‘இரண்டு வருஷம் படிக்கவில்லை’ என்றால் கால அளவு மறுபடி முன்னால் வந்துவிடும்: ‘லியாங் நியென் மேய் ஷுவே’.

கேள்வி: தனிச்சொல்லாகச் சொன்னால் தொனி சரியாக வருகிறது. வாக்கியமாகப் பேசினால் ஆசிரியருக்குப் புரியவில்லை.

பதில்: தொனி என்பது அசையின் குரல் ஏற்ற இறக்கம், சீனத்தில் அது நான்கு. மூன்றாம் தொனியிலிருந்து தொடங்குங்கள். இறங்கி ஏறும் என்று பாடநூலில் போட்டிருக்கும் படம் அது தனியாகவோ கடைசியாகவோ வரும்போதுதான் பொருந்தும். பின்னால் ஒன்று, இரண்டு, நான்காம் தொனிகள் வந்தால் தாழ்ந்தே நிற்கும், ஏறாது. இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாகும். ‘பு’ நான்காம் தொனிக்கு முன்னால் இரண்டாம் தொனியாகும், ஆனால் அச்சில் பெரும்பாலும் பழைய குறியே இருக்கும்.

நான்கு தொனிகளில் ஒவ்வொன்றையும் அடுத்து நான்கு தொனிகளும் ஒரு மென்தொனியும் (அழுத்தமின்றிச் சுருக்கமாக ஒலிப்பது) வரலாம். மொத்தம் 20 சேர்க்கைகள். ஒவ்வொன்றுக்கும் தெரிந்த ஈரசைச் சொல் ஒன்றை எடுத்து, தினமும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பதிவுசெய்து, பாடநூல் ஒலிப்பதிவோடு ஒப்பிடுங்கள்.

ஒலிப்பையும் பாருங்கள். சீன ஒலியை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யினில் ‘பி’ என்று எழுதுகிறோமே, ஆங்கில இரண்டாம் எழுத்து, அது நம் ‘பல்’லின் ‘ப’தான், அதிர்வு கிடையாது. ஆங்கிலப் பதினாறாம் எழுத்துக்கு மூச்சு வெடித்து வர வேண்டும். வாய்க்கு முன் மெல்லிய தாளைப் பிடித்தால் முதலாவதற்கு அசையக் கூடாது, இரண்டாவதற்கு அசைய வேண்டும். தமிழ் எழுத்தில் இரண்டும் ‘ப’ ஆகிவிடும். இந்தப் பத்தியில் அச்சு வசதிக்காகத் தமிழில் தருகிறோம், உங்கள் நோட்டில் பின்யினையே எழுதுங்கள்.

கேள்வி: தட்டச்சு செய்தால் போதாதா? கையால் எழுதித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வகுப்பில் சொல்வதெழுதுதல் இருந்தால் எழுதித்தான் ஆக வேண்டும். கோடு கோடாக மனப்பாடம் செய்யாமல் உறுப்புகளாகப் பாருங்கள். ‘சிங்’ என்று ஒலி காட்டும் ஓர் உறுப்பு உண்டு. அதோடு நீர் சேர்ந்தால் தெளிவு, பேச்சு சேர்ந்தால் வேண்டுதல், சூரியன் சேர்ந்தால் மேகமற்ற வானிலை, இதயம் சேர்ந்தால் உணர்வு. தொனி மாறினாலும் நான்கும் ‘சிங்’தான். சொல்வதெழுதுதலில் இவை ஒன்றுக்கொன்று மாறிப்போவதும் இதனால்தான். இடப்பக்க உறுப்பை முதலில் முடிவுசெய்துகொண்டு எழுதுங்கள்.

கேள்வி: கட்டுரையில் நிறுத்தக்குறிக்கு மதிப்பெண் குறைக்கிறார்கள்.

பதில்: கட்டத்தாளில் பத்தி தொடங்கும்போது இரண்டு கட்டம் விடுங்கள். ஒவ்வொரு குறிக்கும் தனிக் கட்டம். முற்றுப்புள்ளி என்பது புள்ளி அல்ல, சிறு வட்டம். பெயர்களை அடுக்கும்போது சாதாரணக் காற்புள்ளி போடாமல் சாய்ந்த சொட்டுபோன்ற அடுக்குக்குறி போட வேண்டும். முப்புள்ளிக்குப் பதில் ஆறு புள்ளிகள், இரண்டு கட்டத்தில். காற்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வரியின் முதல் கட்டத்தில் வரக் கூடாது. இடமில்லையென்றால் முந்தைய வரியின் கடைசி எழுத்தோடு அதே கட்டத்தில் போட்டுவிடுங்கள்.