ஒரு நாள் வகுப்போடு முடிகிற வேலையா இது?

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தில் நூறாண்டுப் பழைய இதழ்களும் சில ஓலைச்சுவடிக் கட்டுகளும் இருக்கின்றன. ஸ்கேன் செய்ய மூன்று பேரை வைத்து ஒரு நாள் பயிற்சியும் கொடுத்தோம். இப்போது பக்கம் கிழிவதும் விடுபடுவதும் கூடிவிட்டது. மறுபடி வகுப்பு எடுக்கலாமா?

பதில்: நாளைக்கு இத்தனை பக்கம் என்று இலக்கு வைத்திருக்கிறீர்களா? முதலில் அதை எடுங்கள். அந்தக் காலத்து மலிவு இதழ்களின் தாள் மரக்கூழில் செய்தது. அமிலம் ஏறி, மடித்த இடத்தில் அப்பளமாக நொறுங்கும். வேகமாகப் புரட்டச் சொல்லிவிட்டு எந்த வகுப்பு எடுத்தும் பயனில்லை.

வகுப்புக்குப் பதில் வாரம் ஒரு மணி நேரம் போதும். அந்த வாரம் எடுத்த படங்களில் சிலவற்றைப் பெரிதாக்கி மூவரும் சேர்ந்து பாருங்கள். ஓரம் வெட்டுப்பட்டது, விரல் விழுந்தது, பக்க எண் தாவியது எல்லாம் அதிலேயே தெரியும். ஒருவர் எடுத்ததை இன்னொருவர்தான் சரிபார்க்க வேண்டும்.

பருத்திக் கையுறை வாங்கியிருந்தால் தாளுக்குப் போட வேண்டாம். விரலுக்கு ஓரம் பிடிபடாது, கையுறையின் இழை சிக்கித் தாளும் கிழியும். கழுவித் துடைத்து உலர்ந்த கையே நல்லது. கையுறை புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும்தான், அதுவும் நைட்ரில் என்ற செயற்கை ரப்பர் கையுறை. எச்சில் தொட்டுப் புரட்டுவதையும் செல்லோடேப்பையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். தைத்த தொகுதியை அழுத்தி விரிக்காமல், இருபுறமும் அணை கொடுத்து, மேலிருந்து கேமராவில் எடுங்கள்.

சுவடிக்குத் தனிப் பயிற்சி தேவை. ஏட்டெண் பெரும்பாலும் இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் இருக்கும். ௰௨ என்றால் 12, ௨௰ என்றால் 20. இது தெரியாதவர் கயிற்றை அவிழ்த்து வரிசை குலைந்தால், அப்புறம் அந்தச் சுவடியில் உள்ள பாடம் தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடித்துத்தான் அடுக்க வேண்டும். அதனால் நூறு வரை தமிழ் எண் எழுதத் தெரிந்தவரே கட்டைத் தொடட்டும். எண் ஏட்டுக்குத்தான், பக்கத்துக்கு அல்ல. கோப்புப் பெயரில் முன், பின் என்று சேர்க்கச் சொல்லுங்கள். ஏடு உலர்ந்து ஒடியாமலிருக்க எண்ணெயும் எழுத்துத் தெரியக் கரியும் பூசுவதை மட்டும் உங்கள் ஆட்களிடம் விடாதீர்கள். தஞ்சை சரஸ்வதி மகாலிலோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ விசாரியுங்கள்; முடிந்தால் ஒருவரை அனுப்பி, பக்கத்தில் நின்று பார்த்துவரச் சொல்லுங்கள்.

கருவி விஷயம் சுலபம்: 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), மூலப்படம் டிஃப் (TIFF) கோப்பு வடிவில், ஒவ்வொரு தொகுதியின் முதல் படத்தில் நிறத்தை ஒப்பிட வண்ண அட்டையும் அளவுகோலும்.

புதிதாகச் சேருபவர் முதல் வாரம் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய இதழ்களில் பழகட்டும். அவர் எடுத்ததில் விடுபட்ட பக்கமே இல்லை என்ற பிறகு அலமாரிச் சாவியைக் கொடுங்கள்.