ஓப்போபோ: பாமாயிலால் வளர்ந்த ஊர் – கேள்வி பதில்

நைஜீரியாவின் தென்கரையில், இமோ ஆறு கடலில் சேரும் இடத்தருகே இருக்கிறது ஓப்போபோ. மேற்கு ஆப்பிரிக்க வணிக வரலாறு என் துறை. வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

கேள்வி: அங்கேயும் பனங்கிழங்கு, கருப்பட்டி உண்டா?

அங்கே பாமாயில் தருவது நம் பனை இல்லை, எண்ணெய்ப்பனை. இரண்டும் வேறு வேறு மரங்கள். குலையிலுள்ள சிறு பழங்களின் சதையை வேகவைத்து இடித்துப் பிழிந்தால் சிவந்த எண்ணெய் வரும். கொட்டையை உடைத்துப் பருப்பை ஆட்டினால் வருவது இன்னொரு எண்ணெய். கள் மட்டும் இரண்டு மரத்திலும் உண்டு.

கேள்வி: ஊரை உருவாக்கியது யார்?

ஜாஜா. இக்போ இன மக்களின் நாட்டில் பிறந்து, சின்ன வயதிலேயே அடிமையாக விற்கப்பட்டு, பொன்னி என்ற துறைமுகத்துக்கு வந்தவர். பொன்னியின் வணிகம் 'வீடு'களின் கையில் இருந்தது. ஒரு தலைவர், அவருடைய உறவினர், அடிமைகள், போர்ப்படகுகள் எல்லாம் சேர்ந்தது ஒரு வீடு. கெட்டிக்காரனாக இருந்தால் அடிமையும் அதன் தலைவராகலாம். ஜாஜா அப்படித்தான் அன்னா பெப்பிள் வீட்டுக்குத் தலைவரானார். 1869ல் மனிலா பெப்பிள் வீட்டோடு சண்டை மூண்டது. பொன்னியின் 18 வீடுகளில் 14 அவரோடு கிளம்பின. 1870ல் புது ஊர் எழுந்தது. இடத்தை அவர் தேர்ந்தெடுத்த விதத்தைப் பாருங்கள்: உள்நாட்டு எண்ணெய்ச் சந்தைகளுக்குப் போகும் ஆற்றுவழியின் வாசலில் உட்கார்ந்துகொண்டார். பொன்னிக்குப் போன எண்ணெயெல்லாம் இவர் பக்கம் திரும்பியது. 1873ல் பிரிட்டன் அவரை அரசராக ஏற்று ஒப்பந்தம் போட்டது.

கேள்வி: அவ்வளவு எண்ணெயையும் ஐரோப்பா என்ன செய்தது?

சோப்பு, மெழுகுவர்த்தி, இயந்திரங்களுக்கு மசகு.

கேள்வி: ஜாஜாவைக் கொண்டாடுகிறீர்கள். அவரும் அடிமைகள் வைத்திருந்த ஏகபோக வியாபாரிதானே?

ஆமாம், இரண்டும் உண்மை. மறைத்தால் அந்த ஊரே புரியாது. ஆனால் அவரை எதிர்த்தவர்கள் நியாயத்துக்காக எதிர்த்தார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள். 1884ல் பிரிட்டன் ஒரு பாதுகாப்பு ஒப்பந்தத்தை அவர் முன் வைத்தபோது, 'பாதுகாப்பு என்றால் என்ன?' என்று விளக்கம் கேட்டு, தடையற்ற வணிகம் பற்றிய பிரிவை நீக்கிய பிறகே அவர் கையெழுத்திட்டார்.

கேள்வி (அதே நண்பர்): தடையற்ற வணிகம் கேட்டதில் என்ன தவறு?

கேட்டவர்களே விலையைக் குறைக்கக் கூட்டுச் சேர்ந்திருந்தார்களே! 1880களில் எண்ணெய் விலை இறங்கியதும் பிரிட்டிஷ் நிறுவனங்கள் ஒன்றுகூடி, குறைந்த விலைதான் தருவோம் என்றன. ஜாஜா தன் எண்ணெயை நேரே இங்கிலாந்துக்கு அனுப்பத் தொடங்கினார். 1887ல் பிரிட்டனின் தற்காலிகத் தூதராக இருந்த ஹாரி ஜான்ஸ்டன் அவரைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார். பத்திரமாகத் திரும்பலாம் என்று உறுதியும் தந்தார். நம்பிப் போனவருக்கு, அக்ராவுக்கு (இன்றைய கானாவின் தலைநகர்) வா, இல்லையென்றால் ஊர் மீது குண்டு விழும் என்ற மிரட்டல்தான் காத்திருந்தது. அக்ராவில் விசாரணை, பிறகு மேற்கிந்தியத் தீவுகளுக்கு நாடுகடத்தல். 1891ல் ஊர் திரும்ப அனுமதி கிடைத்து, வரும் வழியில் டெனரீஃப் தீவில் இறந்தார். இதை வணிகத் தகராறு என்று என்னால் கடந்து போக முடியாது.

கேள்வி: பனை ஓலையில் அங்கே எழுதினார்களா?

மறுபடியும் சொல்கிறேன், அது நம் பனை இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மலேசியா சுதந்திர நைஜீரியாவிலிருந்து எண்ணெய்ப்பனை விதை வாங்கித்தான் முன்னேறியதாமே?

எல்லோரும் சொல்லும் கதை. 1848ல் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நட்டார்கள். தென்கிழக்கு ஆசியத் தோட்டங்கள் அவற்றின் வழிவந்த மரங்களில்தான் தொடங்கின. மலேசியாவின் முதல் வணிகத் தோட்டம் 1917லேயே வந்துவிட்டது. நைஜீரியா சுதந்திரம் பெற்றதோ அதற்கு வெகு பின்னால், 1960ல். தயவுசெய்து இந்தக் கதையைப் பரப்பாதீர்கள்.

கேள்வி: பதநீர் இறக்குவார்களா?

முதல் பதில்.

கேள்வி: பெண்களுக்கு இந்தத் தொழிலில் என்ன பங்கு?

நல்ல கேள்வி, இதை முன்பே யாராவது கேட்டிருக்கலாம். உள்நாட்டு இக்போ ஊர்களில் மரமேறிக் குலை வெட்டுவது ஆண்கள். வேகவைப்பதிலும் பிழிவதிலும் பெண்கள் உழைத்தாலும் எண்ணெய்க் காசு பெரும்பாலும் ஆணுக்கே போகும்; கொட்டை உடைத்த பருப்பின் காசு பெண்ணுக்கு. 1928ல் பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் ஆண்களிடம் வரி வசூலித்தார்கள். 1929ல் எண்ணெய், பருப்பு விலை சரிந்துகொண்டிருந்தபோது, அடுத்து பெண்களுக்கும் வரி என்ற பேச்சு கிளம்பியது. ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த டிசம்பரில், ஓப்போபோவின் ஆற்றுக்கு அக்கரையில், இன்றைய இகோட் அபாசியில் இருந்த அரசு நிலையத்தில் கூடியவர்கள் மீது சிப்பாய்கள் சுட்டார்கள். அந்த ஓர் இடத்தில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள்.