கரி ஸ்மோக்கரில் காற்றும் வெப்பமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஸ்மோக்கரில் (கறியைப் புகையில் மெல்ல வேகவைக்கும் மூடிய அடுப்பில்) கரி முழுவதையும் பற்றவைத்துவிட்டு மூடினேன். வெப்பம் 150 செல்சியஸைத் தாண்டிவிட்டது. ஒரு மணி நேரமாகியும் இறங்கவில்லை. (டாலஸ்)

பதில்: ஏறிய வெப்பத்தை இறக்குவதைவிட ஏறவிடாமல் பிடிப்பது எளிது. ஜிம் மினியன் என்ற அமெரிக்கர் பரப்பிய முறை இதற்காகவே இருக்கிறது: பற்றாத கரியைத் தட்டு நிறைய நிரப்பி, நன்றாகக் கனன்ற கங்கு பத்துப் பதினைந்தை மட்டும் அதன் மேல் போட்டால், தீ மெல்லப் பரவிப் பல மணி நேரம் நின்று எரியும். வெப்பம் 95-ஐ எட்டும்போதே, காற்று நுழையும் கீழ்த் துவாரங்களைக் குறுக்கத் தொடங்க வேண்டும். வேண்டிய 110 வரட்டும் என்று காத்திருந்தால் அது 130-ல்தான் நிற்கும். இப்போதைக்குக் கங்கில் பாதியை இடுக்கியால் எடுத்து, மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

கேள்வி: மூடியில் உள்ள வெப்பமானி 110 காட்டுகிறது, ஆனாலும் கறி வேகவில்லை. ஏன்?

பதில்: என்ன கறி, எத்தனை கிலோ, எவ்வளவு நேரம் வைத்தீர்கள் என்று எதுவும் எழுதாமல் ஏன் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? பொதுவாகச் சொன்னால், மூடியின் முள் காட்டுவது மூடிக்கடியில் உள்ள வெப்பத்தை. கறி இருப்பது கம்பித் தட்டில். இரண்டுக்கும் 10, 20 டிகிரி வேறுபாடு சாதாரணம். தட்டின் மட்டத்தில், கறியிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி ஒரு டிஜிட்டல் வெப்பமானியை வையுங்கள்.

கேள்வி: புகை வீணாக வெளியேறாமல் இருக்க மேல் துவாரத்தை முக்கால்வாசி மூடுகிறேன். ஆனால் கறி கசக்கிறது. புகைக்காகப் போடும் மரத்தை மாற்ற வேண்டுமா?

பதில்: மரத்தின் மேல் பழி போடாதீர்கள். மாதந்தோறும் இதே கடிதம் வேறு வேறு ஊர்களிலிருந்து வருகிறது. மாதந்தோறும் நானும் இதையேதான் எழுதுகிறேன். சூடான காற்று மேலே வெளியேறுவதால்தான் கீழே புதுக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. மேலே அடைத்துவிட்டால் அந்த இழுப்பு அறுந்து, தீ மூச்சுத் திணறி, மரம் முழுமையாக எரியாமல் வெள்ளையாக, அடர்த்தியாகப் புகைந்து, அந்தப் புகையிலுள்ள தாரும் புகைக்கரியும் கறியின் மேல் படிகின்றன. நீங்கள் சொல்லும் கசப்பு அதுதான். புகை தேங்கி நின்றால் மணம் கூடும் என்பது தவறான எண்ணம். குளிர்ந்த, ஈரமான கறியின் மேல் தவழ்ந்து செல்லும் புகையிலிருந்தே மணம் ஒட்டிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாய் நீலம் பாய்ந்த மெல்லிய புகைதான் நல்ல புகை. ஸ்மோக்கர் ஆறிய பிறகு மூடியின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள்: பழுப்பாகக் காய்ந்திருந்தால் சரி, கறுத்துப் பிசுபிசுவென்று ஒட்டினால் அடுத்த முறையும் கறி கசக்கும்.

கீழே மூன்று, மேலே ஒன்று என்று துவாரங்கள் உள்ள வெபர் நிறுவனத்தினுடையது போன்ற நெட்டுக்குத்து ஸ்மோக்கரில் மேலுள்ளது முழுதும் திறந்திருக்கட்டும். வெப்பத்தைக் கீழுள்ளவற்றால் மட்டுமே ஆளுங்கள். ஒரு முறை சிறிது திருகினால் பதினைந்து நிமிடம் கை வைக்காமல் பொறுத்திருங்கள். சமையல் முடிந்து, மிஞ்சிய கரியைக் காப்பாற்றத் தீயை அணைக்கும்போது மேலும் கீழும் சேர்த்து மூடலாம். தடித்த பீங்கானால் ஆன கமாடோ என்ற அடுப்பில் மட்டும், காற்றுப் புகாத இறுக்கம் காரணமாக மேல் துவாரத்தையும் குறுக்கித்தான் ஆள வேண்டும். அதை வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

கேள்வி: மரத்துண்டுகளை ஊறவைத்துப் போடலாமா?

பதில்: வேண்டாம். தண்ணீர் மேலோடு நின்றுவிடும். அது ஆவியாகும் வரை நல்ல புகை வராது, தீயும் தணியும்.

கேள்வி: பிரிஸ்கெட்டின் (மாட்டு நெஞ்சுக்கறியின்) உள்வெப்பம் 68-ல் மூன்று மணி நேரமாக நிற்கிறது. துவாரங்களை எல்லாம் திறந்துவிட்டேன். (டொராண்டோ)

பதில்: உடனே பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். தீ குறையவில்லை, கறியின் மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகி, ஏறும் வெப்பத்துக்கு ஈடாகக் கறியைக் குளிர்விக்கிறது. பொறுத்திருந்தால் தானே ஏறும். அவசரமென்றால் கறி சுற்றும் தாளிலோ அலுமினியப் படலத்திலோ இறுகச் சுற்றுங்கள். 95-ஐ ஒட்டி, குத்தும் கம்பி தடையின்றி இறங்கும்போது எடுக்கலாம்.

கேள்வி: மழைக்காக ஸ்மோக்கரைக் கேரேஜுக்குள் வைத்துக் கதவைப் பாதி திறந்து வைக்கலாமா?

பதில்: கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பாதிக் கதவு போதாது.

கேள்வி: ஆறாவது மணி நேரத்தில், எல்லாத் துவாரங்களும் திறந்திருந்தும் வெப்பம் விழுகிறது.

பதில்: முதலில் மேல் துவாரம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள், திறந்திருக்கிறது என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேர் பார்க்காமலே எழுதுகிறார்கள். அதுவும் சரியென்றால் சாம்பல் கீழ்த் துவாரங்களை அடைத்திருக்கும். கரித்தூளை அழுத்திச் செய்த பிரிக்கெட் கரியில் இது அதிகம். அடுப்பின் கால்களை மெல்லத் தட்டுங்கள், அல்லது பக்கக் கதவு வழியாக நீண்ட கம்பியால் கரியைக் கிளறுங்கள். மேல்மூடியைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டாம்: உள்ளிருக்கும் சூடு வெளியேறும், கங்குக்கோ திடீரென்று காற்று கிடைத்து, மூடிய பிறகு வெப்பம் அளவு மீறி ஏறும்.