வாசகர் கேள்வி-பதில்: விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும்

விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் வானொலியில் பேசிக்கொள்ளும் முறையைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: திரைப்படங்களில் விமானிகள் எதற்கெடுத்தாலும் ‘ரோஜர்’ என்கிறார்களே, அதற்கு ‘ஆமாம்’ என்று பொருளா?

பதில்: இல்லை. ‘நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுவதும் எனக்குக் கேட்டது’ என்பதே அந்தச் சொல்லின் பொருள். சம்மதமோ, சொன்னபடி செய்வேன் என்ற உறுதியோ அதில் இல்லை. ஆமாம் என்பதற்கு ‘அஃபர்ம்’ என்றும், இல்லை என்பதற்கு ‘நெகட்டிவ்’ என்றும், புரிந்தது, அப்படியே செய்கிறேன் என்பதற்கு ‘வில்கோ’ என்றும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன.

ஓடுபாதைக்குள் நுழைவது, அதைக் கடப்பது, அதிலிருந்து கிளம்புவது, அதில் இறங்குவது, உயரத்தையோ திசையையோ மாற்றுவது போன்றவற்றுக்கான அனுமதிகளுக்கு ‘ரோஜர்’ என்று மட்டும் பதில் சொல்வது போதாது. கேட்ட உத்தரவை விமானி தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். பத்தாயிரம் அடிக்கு இறங்கும்படி சொல்லப்பட்டதைப் பதினோராயிரம் என்று ஒரு விமானி காதில் வாங்கியிருந்தால், அவர் திருப்பிச் சொல்லும்போதுதான் அந்தப் பிழை வெளியே தெரியும். ஆகவே திருப்பிச் சொல்வது விமானியின் கடமையாக இருப்பதைப் போலவே, அதைக் கவனமாகக் கேட்டுத் தவறு இருந்தால் உடனே திருத்துவது கட்டுப்பாட்டாளரின் கடமையாக இருக்கிறது. இந்த இரண்டாவது பாதிதான் கடினமானது என்று நான் நினைக்கிறேன். தான் சொன்னதே திரும்பி வரும் என்று எதிர்பார்த்திருக்கும் காது, வேறொன்று வந்தாலும் அதையே கேட்டதாக எண்ணிக்கொள்ளும்.

கேள்வி: இத்தனை கட்டுப்பாடு தேவைதானா? தவறான ஒரு சொல்லால் உண்மையிலேயே விபத்து நடந்திருக்கிறதா?

பதில்: நடந்திருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரீஃப் தீவின் லோஸ் ரோதியோஸ் விமான நிலையத்தில், கே.எல்.எம்., பான் ஆம் ஆகிய இரு நிறுவனங்களின் போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டதில் 583 பேர் உயிரிழந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் இதைவிட அதிக உயிர்களைப் பறித்த விபத்து வேறில்லை. அன்று அடர்ந்த மூடுபனி. கோபுரத்தில் இருந்தவருக்கு விமானங்கள் தெரியவில்லை. விமானிகளுக்கும் ஒருவரை ஒருவர் தெரியவில்லை. தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் ரேடாரும் அந்த நிலையத்தில் இல்லை. அவர்களிடம் எஞ்சியிருந்தது குரல் மட்டுமே.

கிளம்பிய பிறகு எந்த வழியில் பறக்க வேண்டும் என்பதற்கான அனுமதியைத்தான் கட்டுப்பாட்டாளர் கே.எல்.எம். விமானத்துக்குக் கொடுத்தார். ஆனால் அந்த வாக்கியத்துக்குள், கிளம்புவதைக் குறிக்கும் ‘டேக் ஆஃப்’ என்ற சொல் வந்துவிட்டது. அதைத் திருப்பிச் சொன்ன துணை விமானி, முடிவில் தாங்கள் இப்போது ‘டேக் ஆஃப்’ நிலையில் இருப்பதாகச் சேர்த்துக்கொண்டார். ஓடத் தொடங்கிவிட்டார்களா, ஓடத் தயாராக நிற்கிறார்களா என்று அதிலிருந்து புரிந்துகொள்ள முடியவில்லை. கட்டுப்பாட்டாளர் ‘ஓகே’ என்று தொடங்கி, சற்று இடைவெளி விட்டு, காத்திருங்கள், நான் அழைக்கிறேன் என்றார். அதே நொடியில், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானிகளும் பேசினார்கள். இரண்டு குரல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததால், கே.எல்.எம். விமானி அறையில் ‘ஓகே’ என்ற சொல்லுக்குப் பின் ஒரு கீச்சொலிதான் தெளிவாகக் கேட்டது.

அதன் பிறகு, ஓடுபாதையை விட்டு விலகியதும் தெரிவிக்கிறோம் என்று பான் ஆம் விமானி சொன்னது தெளிவாகவே வந்தது. கே.எல்.எம். விமானத்தின் பொறியாளர் அதைக் கவனித்து, அந்த விமானம் இன்னும் விலகவில்லையா என்று தன் கேப்டனிடம் கேட்கவும் செய்தார். விலகிவிட்டது என்று உறுதியாகப் பதில் கிடைத்தது. அந்தப் பொறியாளருடைய கேள்வியைப் பற்றிப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனக்கிறது. சரியான கேள்வி, சரியான நேரத்தில் கேட்கப்பட்டும் பயனற்றுப் போனது.

இந்த விபத்துக்குப் பிறகு, கிளம்புவதற்கான அனுமதியைக் கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர, வேறெந்த இடத்திலும் ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்ற நடைமுறை வந்தது. மற்ற இடங்களில் புறப்பாடு என்னும் பொருள்படும் ‘டிபார்ச்சர்’ என்றே சொல்கிறார்கள்.

கேள்வி: துல்லியமாக ஒலிக்கும் எஃப்.எம். இருக்கும்போது, விமானங்கள் ஏன் இன்னும் பழைய ஏ.எம். முறையில் பேசுகின்றன?

பதில்: மேலே சொன்ன கீச்சொலியே இதற்கான விடையில் பாதி. விமானப் பேச்சுக்காக ஏறத்தாழ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன; நாம் பாட்டுக் கேட்கும் எஃப்.எம். வரிசைக்குச் சற்று மேலே இவை இருக்கின்றன. ஒரே அலைவரிசையைப் பல விமானங்கள் பகிர்ந்துகொள்வதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். எஃப்.எம். முறையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால், வலுவான அலை மற்றதை அடியோடு விழுங்கிவிடும்; இரண்டாவதாக ஒருவர் பேசினார் என்பதே கேட்பவருக்குத் தெரியாது. அந்த இரண்டாமவர் ஆபத்தில் இருப்பவராக இருக்கக் கூடும். ஏ.எம். முறையில் இரண்டு அலைகளும் கலந்து கீச்சிடும். சொற்கள் சிதைந்தாலும், யாரோ இன்னொருவரும் பேசினார் என்பது காதுக்குத் தெரிந்துவிடுவதால், கட்டுப்பாட்டாளர் மறுபடி சொல்லும்படி கேட்க முடிகிறது. உலகம் முழுவதும் பறக்கும் விமானங்களின் கருவிகளை ஒரே நேரத்தில் மாற்றுவது எளிதல்ல என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் பாதுகாப்புக்கு உதவும் ஒரு குறையை நிறையாகவே கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: எல்லா நாட்டு விமானிகளும் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டுமா?

பதில்: தரையில் உள்ள நிலையம் வழக்கமாகப் பயன்படுத்தும் மொழியிலும் பேசலாம். ஆனால் பன்னாட்டு விமானங்கள் வந்துபோகும் இடங்களில், கேட்டால் ஆங்கிலத்தில் பேசுவதற்கு ஆள் இருக்க வேண்டும். பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு மொழித்திறனை ஆறு படிகளாக வகுத்திருக்கிறது. பன்னாட்டுப் பணிக்குக் குறைந்தது நான்காம் படியை எட்டியிருக்க வேண்டும். எழுத்துகளுக்கு ‘ஆல்ஃபா, பிராவோ, சார்லி’ என்ற சொற்களையும், எண்களில் மூன்றுக்கு ‘ட்ரீ’, ஒன்பதுக்கு ‘நைனர்’ போன்ற உச்சரிப்புகளையும் வைத்திருப்பது, இரைச்சலிலும் ஒன்று மற்றொன்றாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே.

கேள்வி: ஆபத்தில் ‘மேடே’ என்று மூன்று முறை சொல்வது ஏன்?

பதில்: ‘எனக்கு உதவுங்கள்’ என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியிலிருந்து 1920களில் லண்டனின் கிராய்டன் விமான நிலையத்தில் உருவான சொல் இது. மூன்று முறை சொல்லும்போது, சாதாரணப் பேச்சில் தற்செயலாக வந்த சொல்லாகவோ, வேறொருவர் விடுத்த அழைப்பைப் பற்றிய பேச்சாகவோ யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த அழைப்பு வந்ததும் மற்றவர்கள் பேச்சை நிறுத்தி வழிவிட வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத அவசரத்துக்கு ‘பான் பான்’ என்ற அழைப்பு இருக்கிறது.

இந்தச் சொற்களைச் சொல்லத் தயங்குவது எவ்வளவு கொடிய விளைவைத் தரும் என்பதற்கு, 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே விழுந்த அவியாங்கா 52 விமானமே சாட்சி. மோசமான வானிலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானிலேயே காத்திருக்க வைக்கப்பட்ட அந்த விமானத்திலிருந்து, முன்னுரிமை வேண்டும் என்றும் எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றும் தகவல் போனதே தவிர, அவசர நிலை என்ற சொல் ஒரு முறையும் போகவில்லை. எரிபொருள் தீர்ந்து விழுந்த அந்த விமானத்தில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். தாம் நிலைமையைச் சொல்லிவிட்டதாக விமானிகள் நினைத்தார்கள். அது அவசர நிலை என்று கட்டுப்பாட்டாளர்களுக்குப் புலப்படவில்லை.

கேள்வி: நடுக்கடலில் பறக்கும்போது யாருடன் பேசுவார்கள்?

பதில்: விமானப் பேச்சுக்கென ஒதுக்கப்பட்ட, மேலே சொன்ன வானொலி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை, 35,000 அடி உயரத்தில் இருந்தாலும் சுமார் 400 கிலோமீட்டருக்கு மேல் எட்டுவதில்லை. அதற்கு அப்பால், வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் சிற்றலை வானொலியும், செயற்கைக்கோள் வழியே எழுத்தாக அனுப்பப்படும் செய்திகளும் உதவுகின்றன.

கேள்வி: வானொலி அடியோடு பழுதாகிவிட்டால் விமானம் எப்படி இறங்கும்?

பதில்: விமானி முதலில், ரேடாருக்கு விமானத்தின் அடையாள எண்ணை அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் என்னும் கருவியில் 7600 என்ற எண்ணை வைப்பார். வானொலி வேலை செய்யவில்லை என்பதற்கு உலகெங்கும் அதுவே குறியீடு என்பதால், ரேடார் திரையைப் பார்ப்பவர் உடனே புரிந்துகொண்டு மற்ற விமானங்களை விலக்கி வழி ஏற்படுத்துவார். விமானம் நெருங்கி வந்ததும், கோபுரத்தில் இருப்பவர் கைவிளக்கு ஒன்றை அதை நோக்கிப் பிடித்துச் சைகை காட்டுவார். அணையாத பச்சை ஒளி என்றால் இறங்கலாம். அணையாத சிவப்பு என்றால் மற்ற விமானங்களுக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். விட்டு விட்டு ஒளிரும் சிவப்பு என்றால் நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்கக் கூடாது. குரல் இல்லாத இந்த நேரத்திலும் விமானி பதில் சொல்லியாக வேண்டும்: பகலாக இருந்தால் இறக்கைகளை இருபுறமும் சாய்த்து அசைப்பார், இரவாக இருந்தால் தரையிறங்கும் விளக்குகளை இரண்டு முறை எரியவிட்டு அணைப்பார்.