டேட்டாபேஸ் ஹெட்டர் பேக்கேஜ்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, போஸ்ட்கிரெஸ் (போஸ்ட்கிரெஸ்க்யூஎல்) என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் பேக்கேஜ்களை, அதாவது நிறுவுவதற்கான கோப்புத் தொகுப்புகளை, தயாரித்து வரும் நம் உறுப்பினர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கிண்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: சார், என் உபுண்டு லேப்டாப்பில் போஸ்ட்கிரெஸ் சர்வர் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் பைத்தானை போஸ்ட்கிரெஸுடன் இணைக்கும் சைகோபிஜி2-ஐ நிறுவும்போது, சர்வர் எக்ஸ்டென்ஷனுக்கு (சர்வருக்குள் ஏறி ஓடும் கூடுதல் நிரல்) போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-சர்வர்-டெவ் வேண்டும், கிளையன்ட் நிரலுக்கு லிப்பிக்யூ-டெவ் வேண்டும் என்று பிஜி_கான்ஃபிக் என்ற கருவி சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. எதை நிறுவ வேண்டும்?

பதில்: உங்களுக்கு வேண்டியது, கிளையன்ட் நிரல்கள் சர்வருடன் பேசப் பயன்படும் லிப்பிக்யூ லைப்ரரியின் ஹெட்டர்களைத் தரும் லிப்பிக்யூ-டெவ். லைப்ரரியிலோ சர்வரிலோ என்னென்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்பவை ஹெட்டர் கோப்புகள்; சர்வர் ஓடுவதற்கு அவை தேவையில்லை. சி மொழியில் எழுதிய ஒன்றை உங்கள் கணினியில் கம்பைல் செய்யும்போதுதான் (இயங்கும் நிரலாக மாற்றும்போதுதான்) அவை தேவைப்படும். சைகோபிஜி2 லினக்ஸில் மூலநிரலாகவே வந்து சேர்வதால், அது லிப்பிக்யூ-எஃப்ஈ.ஹெச் என்ற ஹெட்டரைத் தேடுகிறது. பாடப் பயிற்சிக்கு மட்டும் என்றால், முன்பே கம்பைல் செய்யப்பட்ட சைகோபிஜி2-பைனரி போதும். நீங்கள் கண்ட அந்தச் செய்தியை மட்டும் மறந்துவிடாதீர்கள். கிளையன்ட், சர்வர் என்ற அந்தப் பிரிவினை புரிந்துவிட்டால் இந்தத் துறையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தரமணியிலிருந்து ஒரு மென்பொருள் பொறியாளர்: லிப்பிக்யூ-டெவ் ஒன்றுதான் இருக்கிறது. சர்வர்-டெவ் மட்டும் 15, 16, 17 என்று பதிப்புக்கு ஒன்றாக இருப்பது வீண் வேலை இல்லையா?

பதில்: வீண் வேலை இல்லை, இரண்டும் தரும் உத்தரவாதம் வேறு வேறு. லிப்பிக்யூ லைப்ரரியின் எஸ்ஓ எண், அதாவது பொருந்தும் தன்மையைக் காட்டும் எண், 2006-இல் வெளியான 8.2 பதிப்பிலிருந்து 5 ஆகவே நீடிக்கிறது. பழைய லிப்பிக்யூவுக்காகக் கம்பைல் செய்த நிரல் புதிய லிப்பிக்யூவுடனும் ஓட வேண்டும் என்பதில் அந்தத் திட்டத்தினர் கறாராக இருக்கிறார்கள். ஆகவே, இருப்பவற்றில் புதியதான ஒரே பேக்கேஜ் எல்லாருக்கும் போதுமானதாகிறது.

சர்வர் ஹெட்டர்களோ சர்வரின் உள்ளறையையே திறந்து காட்டுபவை. போஸ்ட்கிரெஸ்.ஹெச் தொடங்கி, நினைவகத்தில் ஒவ்வொரு ஸ்ட்ரக்டும் (தரவுகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பு) எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது வரை எக்ஸ்டென்ஷன் எழுதுபவர் அவற்றிலிருந்து தெரிந்துகொள்கிறார். அந்த அடுக்கு பெரிய பதிப்புக்குப் பெரிய பதிப்பு (16, 17 போன்றவை) மாறும். அதனால்தான் டெபியன் லினக்ஸில் அவை பதிப்பு எண்ணைத் தாங்கிய தனித்தனி அடைவுகளில் வைக்கப்படுகின்றன. எக்ஸ்டென்ஷனில் எழுதும் பிஜி_மாட்யூல்_மேஜிக் என்ற மேக்ரோ, எந்தப் பெரிய பதிப்புக்காக அது கம்பைல் ஆனது என்பதைப் பதிந்து வைக்கிறது. பொருந்தாவிட்டால் சர்வர் அதை ஏற்றவே மறுக்கும்.

அந்தக் காவலும் முழுமையானதன்று. 2024 நவம்பர் 14 அன்று வெளியான 17.1-இல் ரிசல்ட்ரெல்இன்ஃபோ என்ற ஸ்ட்ரக்டின் அளவு கூடியதால், 17.0-இன் ஹெட்டர்களைக் கொண்டு கம்பைல் செய்த சில எக்ஸ்டென்ஷன்கள் சிக்கலுக்கு உள்ளாயின. பெரிய பதிப்பு இரண்டிலும் 17 தான் என்பதால் மேஜிக் பரிசோதனை வாய் திறக்கவில்லை. ஒரே வாரத்தில், நவம்பர் 21 அன்று, 17.2 வந்து பழைய நிலையை மீட்டது. பேக்கேஜ் தயாரிப்பவர் சிறிய பதிப்பு மாறும்போதும் எக்ஸ்டென்ஷன் சோதனைகளை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பெருங்குடியிலிருந்து ஒருவர்: எங்கள் நிறுவனத்துக்கென்று போஸ்ட்கிரெஸை நாங்களே பேக்கேஜ் செய்கிறோம். எந்தக் கோப்பை எதில் வைப்பது?

பதில்: லிப்பிக்யூ.எஸ்ஓ.5 ஓடும் நேரத்துக்கான பேக்கேஜில் இருக்க வேண்டும். எண் இல்லாத லிப்பிக்யூ.எஸ்ஓ என்ற சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி), லிங்க் செய்யும்போது (நிரலை லைப்ரரியுடன் இணைக்கும்போது) மட்டுமே பயன்படுவதால், ஹெட்டர்களோடும், லைப்ரரி இருக்குமிடத்தைச் சொல்லும் கருவியான பிகேஜி-கான்ஃபிக்குக்கான லிப்பிக்யூ.பிசி கோப்போடும் டெவ் பேக்கேஜுக்குப் போக வேண்டும். எக்ஸ்டென்ஷன்களைக் கம்பைல் செய்ய உதவும் பிஜிஎக்ஸ்எஸ் மேக்ஃபைல்களை சர்வர்-டெவ்வில் சேருங்கள். பிஜி_கான்ஃபிக்.ஹெச் விஷயத்தில் கவனம் தேவை: கம்பைல் செய்த கணினியின் இயல்புகள் அதில் பதிவாகின்றன என்பதால், 32 பிட், 64 பிட் பேக்கேஜ்கள் இரண்டையும் ஒரே கணினியில் நிறுவினால் ஒன்றையொன்று மோதும்.

அம்பத்தூரிலிருந்து ஒருவர்: கன்டெய்னர் இமேஜ் (நிரலையும் அதற்கு வேண்டியவற்றையும் அடக்கிய தொகுப்பு) பெருத்துவிடுகிறது. டெவ் பேக்கேஜை நீக்கலாமா?

பதில்: தாராளமாக நீக்கலாம். முதல் கட்டத்தில் கம்பைல் செய்து, முடிவை மட்டும் இரண்டாம் கட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்கே லிப்பிக்யூ5 இருந்தால் போதும்.

சோழிங்கநல்லூரிலிருந்து ஒருவர்: ராக்கி லினக்ஸ் 9-இல், போஸ்ட்கிரெஸ் திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து போஸ்ட்கிரெஸ்க்யூஎல்17-டெவல் (டெபியனின் டெவ் பேக்கேஜ் போன்றது) நிறுவினால், பெர்ல் மொழியின் ஐபிசி-ரன் தொகுதி கிடைக்கவில்லை என்கிறது. ஹெட்டருக்கும் பெர்லுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: ஹெட்டருக்குச் சம்பந்தமில்லை. அந்த டெவல் பேக்கேஜ், எக்ஸ்டென்ஷன்களைச் சோதிக்க உதவும் பெர்ல் தொகுதிகளையும் சேர்த்தே தருகிறது. ஐபிசி-ரன் அவற்றுக்குத்தான் வேண்டும். ராக்கியின் சிஆர்பி என்ற கூடுதல் களஞ்சியத்தை இயக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள், தானாக வந்துவிடும். சோதனைக் கருவிகளைத் தனி பேக்கேஜாகப் பிரித்திருக்கலாம் என்பது என் கருத்து. அதன்பின் கிளாங் என்ற கம்பைலர் இல்லை என்று மேக் கருவி நின்றால், எக்ஸ்டென்ஷனை வித்_எல்எல்விஎம்=நோ என்று கொடுத்துக் கம்பைல் செய்யலாம்; ஜேஐடி-க்கான (ஓடும்போதே கம்பைல் செய்யும் வசதி) பிட்கோடு மட்டும்தான் விடுபடும்.