செம்புக் காசு: கேள்வி – பதில்

கேள்வி: 1808-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் 20 காசு நாணயம் ஒன்று வாங்கினேன். எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. விற்றவர் ‘ஈ.எஃப்.’ (எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், தேய்மானம் மிகக் குறைவு) என்றார். இன்னொரு சேகரிப்பாளரோ ‘கடல் காசு, தரம் போட முடியாது’ என்கிறார். யார் சொல்வது சரி? – வாசகர், கும்பகோணம்

பதில்: இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இவை சென்னை மாகாணத்துக்காக பர்மிங்ஹாம் சோஹோ நாணய ஆலையில் அடித்தவை. ஏற்றி வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில்தான் பெருமளவில் வெளியே வந்தன. கைமாறாத காசு என்பதால் தேய்மானம் கிடையாது. ஆனால் உப்புநீர் தின்றிருக்கும்.

70 புள்ளி அளவுகோலில் வி.எஃப். (வெரி ஃபைன், 20–35), ஈ.எஃப். (40–45), யூ.என்.சி. (புழங்காதது, 60–70) எல்லாம் முதலில் தேய்மானத்துக்கான அளவு. அரிப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்றும் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த ஒரே விளக்கும் போதும். தேய்ந்த காசில் சிங்கத்தின் தலை, கேடயம் போன்ற மேடுகள்தான் முதலில் மழுங்கும். வெற்றுத்தளம் வழவழப்பாகவே இருக்கும். கடல் காசில் நேர்மாறு: மேடு கூர்மையாக நிற்கும், தளம் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். காசைச் சுழற்றும்போது ஒளிக்கீற்று கூடவே ஓடினால் அச்சடித்தபோது வந்த மினுக்கம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். எடையும் போடுங்கள். முழுக் காசு சுமார் 9.3 கிராம், வெகுவாகக் குறைந்தால் அரிப்பு காரணமாக இருக்கலாம். உங்களுடையதை ‘விவரம் ஈ.எஃப். அளவுக்குத் தெளிவு, அரிப்பு உண்டு’ என்று எழுதுவதே நேர்மை. விலையும் அதற்கேற்பத்தான்.

கேள்வி: விக்டோரியா காலணாவைப் புளி போட்டுத் தேய்த்தேன். தங்கமாய் மின்னியது. வியாபாரி ஏன் விலையைக் குறைக்கிறார்? – வாசகி, தேனி

பதில்: புளியின் அமிலம் காசின் மேல்தோலையே உரித்துவிட்டது. புதுச்செம்பின் சிவப்பு இயல்பாக மறையும்போது மேடுகள் முதலில் பழுப்பாகும். எழுத்துகளின் இடுக்கில் சிவப்பு கடைசிவரை ஒட்டியிருக்கும். உங்கள் காசில் மேடும் பள்ளமும் ஒரே இளஞ்சிவப்பு. லென்ஸில் மெல்லிய கீறல்களும் தெரியும். சிவப்பு 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் ‘ரெட்’, 5-க்குக் கீழ் போனால் ‘பிரவுன்’, இடைப்பட்டது ‘ரெட்-பிரவுன்’. கழுவிய சிவப்பு இந்தக் கணக்கிலேயே சேராது. இனி எதையும் பூசிக் கறுக்க வைக்க வேண்டாம், அதுவும் தெரிந்துவிடும்.

கேள்வி: உறையில் வைத்த காசில் பச்சை படிகிறது. என்ன செய்ய? – வாசகர், நாகர்கோவில்

பதில்: பிசுபிசுப்பான பச்சையா? பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் உறையின் வேலை. கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்த அசிட்டோன் ஊற்றி 10 நிமிடம் ஊறவிட்டு, புது அசிட்டோனில் அலசித் தானே உலரவிடுங்கள். துடைக்காதீர்கள், அடுப்பருகே வேண்டாம். நகப்பூச்சு நீக்கி உதவாது. பிறகு மைலார் (பி.வி.சி. இல்லாத பாலியெஸ்டர்) உறைக்கு மாற்றுங்கள். வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்தால் அது வேறு: உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பை உள்ளே தின்னும் களிம்பு. அந்தக் காசை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, சிலிகா ஜெல்லோடு உலர்ந்த டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: கம்பெனி பெயரும் 1818 என்ற ஆண்டும் போட்ட ராமர் பட்டாபிஷேகக் காசுக்கு லட்சக்கணக்கில் விலை உண்டாமே? – வாசகர், சேலம்

பதில்: கம்பெனி அப்படியொரு காசை அடிக்கவே இல்லை. பின்னாளில் செய்த வில்லை அது. பூஜையறையில் வைக்கலாம்.