ஜெர்மனியில் கிராவல் சைக்கிள் ஓட்டத் தொடங்குபவர் முதலில் சமவெளிக்குப் போவதா, மலைக்குப் போவதா?

படிக்க வந்த இடத்தில் கிராவல் சைக்கிள், அதாவது மண், கப்பிப் பாதைகளிலும் ஓட்டுகிற அகல டயர் சைக்கிள், வாங்கிவிட்டீர்கள். வட ஜெர்மனி தட்டைதானே, அங்கே கிராமப் பாதைகளில் ஓட்டிப் பழகிவிட்டு, கால் வலு வந்த பிறகு மலைக்காட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே கணக்குத்தான் போட்டேன். கணக்கு தப்பு. முதலில் மலைக்காடு, அப்புறம் சமவெளி.

நான் இருப்பது ஹனோவரில். வடக்கே ரயிலேறினால் லூனபுர்க் ஹைடே என்கிற மணற்பாங்கான சமவெளி, தெற்கே ஹார்ட்ஸ் மலை, கொஞ்சம் மேற்கே தள்ளினால் வேசர் ஆறும் அதன் இரு கரைக் காடுகளும். எனக்குப் பழக்கமானது இந்த வட்டாரம்தான். அதை வைத்தே சொல்கிறேன்.

என் முதல் பயணம் ஹைடேக்கு. ஆகஸ்ட் மாதம், முழங்கால் உயரச் செடிகள் எல்லாம் ஊதாவாகப் பூத்துக் கிடக்கும் சமயம். ஷ்னேவெர்டிங்கன் ஸ்டேஷனில் இறங்கி வில்ஸேடே கிராமத்தை நோக்கிப் போனேன். அந்தப் பக்கத்து உயரமான இடமே வில்ஸேடே குன்றுதான், அதுவும் 169 மீட்டர். இதில் என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது என்று 35 மி.மீ. டயரில், காற்றைக் கல்லு மாதிரி அடித்துக்கொண்டு கிளம்பினேன்.

வில்ஸேடேக்குக் கார் போக முடியாது. சுற்றுலா வருகிறவர்கள் நடக்கிறார்கள், சைக்கிளில் போகிறார்கள், இல்லாவிட்டால் குதிரை வண்டி. அந்த வண்டிகள் நாள் முழுக்கப் போய்வந்து பாதை நடுவில் மணலைச் சலித்துப் போட்டதுபோல் ஆக்கிவைத்திருக்கின்றன. என் முன்சக்கரம் அதில் இறங்கியதும் ஹேண்டில்பார் தானாக ஒரு பக்கம் திரும்பியது. நான் திருப்பவில்லை, அதுவே திரும்பியது. நடக்கும் வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தேன், அதனால் அடி இல்லை. ஆனால் பொத்தென்று விழுந்தேன். பின்னால் வந்த குதிரை வண்டி நின்றது. வண்டிக்காரர் ஏதோ சொன்னார், வண்டியில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது.

பிறகு கவனித்தபோதுதான் புரிந்தது. உள்ளூர்க்காரர்கள் யாரும் நடுப்பாதையில் ஓட்டவில்லை. பாதை ஓரமாகப் புல்லை ஒட்டி, ஒரு சாண் அகலத்துக்கு இறுகிய தடம் ஒன்று ஓடுகிறது. எல்லாச் சக்கரமும் அதில்தான். இதை எந்த வரைபடமும் காட்டாது. பிராண்டன்பர்க் மாநிலத்துக்குப் போனால் இதன் அண்ணன் கிடைக்கும். கிராமத்துச் சாலை நடுவில் உருட்டுக்கல் பதித்திருக்கும், பக்கத்தில் கல் பதிக்காமல் ஒரு மண் பட்டை விட்டிருப்பார்கள். வெயில் காலத்தில் குதிரையும் வண்டியும் கல்லில் இடிபடாமல் போவதற்காக அந்தக் காலத்தில் விட்டது, பெயரே சோமர்வேக், கோடைப்பாதை. மழை பெய்து ஒரு நாள் ஆன பின் அது அருமையான பாதை. ஒரு மாதம் மழையே இல்லை என்றால் அதுவும் மணல்தான். பிராண்டன்பர்க்குக்கு, மை காயத் தூவும் மணல் டப்பா என்று பழைய பட்டப்பெயரே உண்டு.

சரி, மணலைச் சமாளித்துவிட்டேன் என்று திரும்பினால் எதிர்காற்று. வட ஜெர்மனியில் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வீசும். தடுக்க மலையும் கிடையாது, திறந்த வயலில் மரமும் கிடையாது. மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில், இறக்கமே வராத ஏற்றத்தில் ஏறுவதுபோல் இரண்டு மணி நேரம் மிதித்தேன். அன்றிலிருந்து சமவெளிக்குப் போவதென்றால் காற்றைப் பார்த்து மேற்கு ஓரத்து ஸ்டேஷனில் இறங்கி, கிழக்கே ஓட்டி, வேறொரு ஸ்டேஷனில் ரயிலேறுவேன். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் வட்டப்பாதையை மலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹைடே அழகில்லை என்று சொல்லவரவில்லை. 1906-ல் எகெஸ்டோர்ஃப் ஊர்ப் பாதிரியார் வில்ஹெல்ம் போடே முயற்சி எடுத்து அங்குள்ள டோட்டன்கிருண்ட் பள்ளத்தாக்கை விலைக்கு வாங்க வைக்காவிட்டால், இன்று அங்கே வார இறுதி வீடுகள்தான் இருந்திருக்கும். ஹைட்ஷ்னூக்கே என்கிற சாம்பல் நிற ஆடுகள் மேய்ந்துகொண்டே இருப்பதால்தான் அது ஹைடேயாக இருக்கிறது. மேய்ச்சலை நிறுத்தினால் பிர்ச்சும் பைனும் முளைத்துக் காடாகிவிடும். போய்ப் பாருங்கள். முதல் பயணமாக வேண்டாம், அவ்வளவுதான்.

மலைக்காடு ஏன் சுலபம் என்கிறேன்? ஜெர்மன் காட்டுக்குள் ஓடும் கப்பி ரோடுகள் சைக்கிளுக்காகவோ நடப்பவர்களுக்காகவோ போட்டவை அல்ல. மரம் ஏற்றிய லாரி ஏறி இறங்கப் போட்டவை. அதனால் ஏற்றம் ஒரு அளவுக்கு மேல் செங்குத்தாகப் போகாது, வளைவுகள் அகலம், அடியில் நன்றாக இறுக்கிய சரளை. சைக்கிள்காரர்கள் இதைக் கிண்டலாகக் காட்டு நெடுஞ்சாலை என்பார்கள். புதியவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. சின்ன கியரில் போட்டு மெதுவாக மிதித்தால் ஏறிவிடலாம். காட்டுக்குள் காற்றும் அடிக்காது.

ஹார்ட்ஸ் மலையில் இன்னொரு விசேஷம். வெள்ளிச் சுரங்கங்களின் நீர்ச்சக்கரங்களைச் சுற்றவைக்க, பல நூற்றாண்டுகளாக மலையெங்கும் ஏரி கட்டி, வாய்க்கால் வெட்டி வைத்திருக்கிறார்கள். 2010-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தண்ணீர் தானாக ஓட வேண்டும், வேகமாகவும் ஓடக்கூடாது என்று மலைச்சரிவை ஒட்டி வளைந்து வளைந்து வெட்டியவை அவை. கரைமேல் போகும் பாதையும் அதனால் கிட்டத்தட்ட மட்டமாகவே இருக்கும். கிளாவ்ஸ்டால் ஊரைச் சுற்றிப் போனால், மலைமேல் இருந்துகொண்டே நம்மூர் வாய்க்கால் கரையில் ஓட்டுவதுபோல் இருக்கும். கரை ஒடுங்கி ஒத்தையடிப் பாதையாகும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அது நடப்பவர்களுக்கானது.

ஹார்ட்ஸ் போகும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய போட்டோக்களில் இருக்கும் கரும்பச்சைக் காட்டை எதிர்பார்க்காதீர்கள். 2018-லிருந்து வறட்சியும் பட்டை வண்டும் சேர்ந்து ஸ்ப்ரூஸ் மரங்களைப் பெருவாரியாகக் கொன்றுவிட்டன. மைல் கணக்கில் சாம்பல் நிறக் கட்டைகள், நடுவே புதிதாக முளைக்கும் பச்சை. பட்ட மரம் சொல்லிக்கொண்டு விழாது, காற்று பலமாக அடிக்கும் நாளில் அங்கே போகாதீர்கள். மரம் வெட்டுகிறோம் என்று சிவப்பு வெள்ளைப் பட்டை கட்டியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஆளே இல்லாவிட்டாலும் திரும்பிவிடுங்கள்.

பழைய கிழக்கு ஜெர்மனி-மேற்கு ஜெர்மனி எல்லையும் ஹார்ட்ஸ் வழியாகத்தான் ஓடியது. எல்லைக் காவல் வண்டிகள் ரோந்து போகப் போட்ட கான்கிரீட் பலகைகள் இன்னும் கிடக்கின்றன. இரண்டு வரிசை, ஒவ்வொரு பலகையிலும் நீள நீளமாக ஓட்டைகள், ஓட்டைக்குள் புல். படத்தில் பார்க்க ஆசையாக இருக்கும். உட்கார்ந்து ஓட்டினால் பல் ஆடும். அந்த வண்டிகளுக்கு இன்ஜின் இருந்ததால் ஏற்றத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை போலிருக்கிறது. 1141 மீட்டர் ப்ரோக்கன் சிகரத்துக்கு வடக்குப் பக்கமாக ஏறும் ஹிர்டன்ஷ்டீக் பாதையில் நான் பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன். வெட்கமில்லை, எனக்கு முன்னால் தள்ளியவர்கள் நாலு பேர்.

ஆப் காட்டும் பாதையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஒரு ஆப் எனக்கு உழுத வயலையே பாதை என்று காட்டியிருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்கிற இணைய வரைபடத்தில் காட்டு, வயல் பாதைகளுக்குக் கிரேடு 1 முதல் 5 வரை குறித்திருப்பார்கள். 1 என்றால் கெட்டி, 5 என்றால் வெறும் மண்ணும் புல்லும். தொடக்கத்தில் 2, 3 போதும். போர்டும் பாருங்கள். சிவப்பு வளையத்துக்குள் காரும் மோட்டார் சைக்கிளும் படமாக இருந்தால் நீங்கள் போகலாம். வளையத்துக்குள் வெறும் வெள்ளை என்றால் சைக்கிளும் ஓட்டக்கூடாது. பாடன்-வுர்ட்டம்பெர்க் பக்கம் போனால், காட்டுக்குள் 2 மீட்டருக்குக் குறைவான பாதையில் சைக்கிள் ஓட்ட அனுமதி இல்லை.

டயர் 40 மி.மீ.க்குக் குறையாமல் போடுங்கள். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீர் விஷயம் மட்டும் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை கிராமத்தில் கடை இருக்காது. பேக்கரி இருந்தாலும் காலையில் சில மணி நேரம்தான். ஒரு ஜூலை ஞாயிறு இரண்டு பாட்டிலும் காலியாகி ஒரு கிராமத்துத் தெருவில் நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பாட்டி என் பாட்டிலைப் பார்த்தார், தேவாலயத்துக்குப் பின்பக்கம் கை காட்டினார். கல்லறைத் தோட்டம். பச்சைப் பூவாளிகள் வரிசையாகச் சங்கிலியில் தொங்கின, சூப்பர் மார்க்கெட் வண்டிபோல் காசு போட்டு எடுக்கும் பூட்டு. பக்கத்தில் குழாய். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, சுடுகாட்டுத் தண்ணீரைக் குடிப்பதா என்று. குடித்தேன், ஜில்லென்று இருந்தது. இப்போது வரைபடத்தில் முதலில் தேடுவதே சிலுவைக் குறியைத்தான். குழாய்மேல் 'கைன் ட்ரிங்க்வாஸர்' (குடிநீர் அல்ல) என்று எழுதியிருந்தால் குடிக்க வேண்டாம், தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் முதல் பயணத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். மலை, காடு, ஆறு மூன்றும் வரும், சுமார் 50 கிலோமீட்டர். ஹான் முண்டன் ஸ்டேஷனில் இறங்குங்கள். வெர்ராவும் ஃபுல்டாவும் சேர்ந்து வேசர் ஆவது அந்த ஊரில்தான். ஆற்றின் வலது கரையோடு ஹேமெல்ன் வரை போனால் ஒரு படகுத்துறை. குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டிய படகு, இன்ஜின் ஓடாது. படகைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் ஆற்றின் ஓட்டமே அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும். ஓடும் நாள், நேரத்தை முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அக்கரை ஃபெக்கர்ஹாகன். அங்கிருந்து ரைன்ஹார்ட்ஸ்வால்ட் காட்டுக்குள் கப்பி ரோட்டில் ஏறினால் ஸாபாபுர்க் கோட்டை. பக்கத்தில் 1907-லிருந்து பாதுகாக்கும் பழங்காடு, ஒரு காலத்தில் மாடும் பன்றியும் மேய்ந்த இடம், வயிறு பெருத்த கிழட்டு ஓக் மரங்கள். சைக்கிளை வெளியே பூட்டிவிட்டு நடந்து பாருங்கள். பிறகு கீஸெல்வெர்டர் வரை இறக்கம், அங்கிருந்து ஆற்றங்கரையோடு பாட் கார்ல்ஸ்ஹாஃபன். பிரான்ஸிலிருந்து ஓடிவந்த புராட்டஸ்டண்ட் அகதிகளுக்காக 1699-ல் உண்டாக்கிய வெள்ளை வெளேரென்ற ஊர். சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுங்கள், பொதுவாக டாய்ச்லாண்ட் டிக்கெட் என்கிற மாதச் சீட்டில் அது சேராது. அங்கே ரயில் அடிக்கடி கிடையாது. நேரத்தைப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீமுக்கு உட்காருங்கள். ஸ்டேஷன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாலம் தாண்ட வேண்டும்.